மேனிஃபோல்டைக் கழற்றினால் வானம் இடிந்து விழாது

போனட்டுக்குள் கை வைக்காதே. கெட்டுவிடும். தெரிந்தவர்களிடம் விடு.

கார் வைத்திருக்கும் எல்லோரும் இந்த மூன்று வாக்கியங்களையும் கேட்டிருப்பார்கள். சொல்பவர் அப்பாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், சர்வீஸ் சென்டரில் டை கட்டிக்கொண்டு நிற்பவராக இருக்கலாம். முதல் இருவரும் அக்கறையில் சொல்கிறார்கள். மூன்றாமவர் சொல்வது வியாபாரம். வித்தியாசம் தெரியாமல் மூன்றையும் ஒரே அறிவுரையாக எடுத்துக்கொள்வதில்தான் பர்ஸ் காலியாகிறது.

பொத்தாம் பொதுவாகப் பேசினால் எடுபடாது. ஒரே ஒரு எஞ்சின், ஒரே ஒரு வேலை. அதை வைத்தே பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த 3800 என்ற வி6 எஞ்சினின் இரண்டாம் தலைமுறை 1995ல் வந்தது. ப்யூக் லெசேபர், பான்டியாக் பான்வில், செவ்ரலே இம்பாலா என்று ஏகப்பட்ட கார்களில் அது ஓடியது. சும்மா சொல்லக் கூடாது, அருமையான எஞ்சின். லட்சக்கணக்கான மைல் அசராமல் ஓடும் என்று பெயர் வாங்கியது. ஆனால் அதன் தலையில் உட்கார்ந்திருந்த இன்டேக் மேனிஃபோல்டின் மேல் பாகம் பிளாஸ்டிக்.

இன்டேக் மேனிஃபோல்டு என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து வரும் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி. இந்த எஞ்சினில் புகையின் ஒரு பகுதியை மறுபடி உள்ளே அனுப்பும் சூடான உலோகக் குழாய் ஒன்று அந்தப் பிளாஸ்டிக்குக்குள் நுழைகிறது. அதை ஒட்டியே கூலன்ட் ஓடும் பாதை. வருடக்கணக்கில் சூடு பட்டுப் பட்டுப் பிளாஸ்டிக் இளகிக் கெட்டுப்போகும். கூலன்ட் உள்ளே கசியும். இரவில் நிறுத்தி வைத்த காரின் சிலிண்டருக்குள் அது தேங்கிவிட்டால் காலையில் சாவியைத் திருப்பும்போது பிஸ்டன் மேலே வர முடியாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியுமா? கனெக்டிங் ராடு வளைந்தால் எஞ்சினே போச்சு.

இப்போது கணக்கைப் பாருங்கள். கார் பழசு. சந்தையில் அதற்கு மதிப்பே கொஞ்சம்தான். சர்வீஸ் சென்டரில் கொடுக்கும் எஸ்டிமேட்டில் பெரிய வரி பாகத்தின் விலை அல்ல, கூலி. அங்கே கூலி போடுவது கடிகாரத்தைப் பார்த்து அல்ல. இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று ஒரு புத்தகத்தில் இருக்கும், அதன்படி. எஸ்டிமேட் காரின் மதிப்பைத் தொட்டுவிட்டால், "இதற்குச் செலவு செய்வது வீண்" என்று ஒரு நல்ல எஞ்சின் பழைய இரும்புக்குப் போகும். பஸ் வராத ஊரில் கார் போனால் அதோடு வேலையும் போகும். ஒரு பிளாஸ்டிக் பாகம் ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தை முடிவு செய்கிறது. இது எப்படி இருக்கு?

சரி, அந்த வேலைதான் என்ன? முதல் முறை செய்பவர் வீட்டு வாசலில் இதைத்தான் செய்ய வேண்டும்.

1. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்ற வேண்டும். எரிபொருள் லைனில் உள்ள அழுத்தத்தை இறக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

2. கூலன்ட்டை ஒரு தட்டில் பிடிக்க வேண்டும். அதன் இனிப்புக்கு நாய், பூனை நக்கிவிடும், நக்கினால் செத்துவிடும். உடனே மூடி வைக்க வேண்டும்.

3. காற்றுக் குழாய், த்ராட்டில் கேபிள், வேக்குவம் ஹோஸ்கள், வயர் கனெக்டர்கள், இன்ஜெக்டர்களோடு ஃப்யூல் ரெயில்... ஒவ்வொன்றையும் எடுக்கும்போது ஒரு துண்டு டேப்பில் எண் எழுதி ஒட்ட வேண்டும். எடுக்கும் முன் ஒரு படம். போல்ட்டுகளை இடம் வாரியாகத் தனித்தனிக் கவரில் போட வேண்டும்.

4. மேனிஃபோல்டு கையோடு வந்ததும், திறந்து கிடக்கும் ஓட்டைகளில் சுத்தமான துணியை அடைக்க வேண்டும். ஒரே ஒரு நட்டு உள்ளே விழுந்தால் அன்றைய சந்தோஷம் அத்தோடு சரி.

5. பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, புதியதை வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஆயிலில் கூலன்ட் கலந்திருக்கலாம், அதையும் மாற்றிவிட வேண்டும்.

அவ்வளவுதான். முதல் முறை செய்பவருக்கு ஒரு சனி, ஞாயிறு முழுதாகப் போகும். முதுகு வலிக்கும். விரல் முட்டியில் தோல் உரியும். ஆனால் இதில் எந்தப் படியில் ராக்கெட் விஞ்ஞானி தேவைப்படுகிறார்?

தேவைப்படுவது வேறொன்று. தகவல்!

ஐந்தாவது படியில் எவ்வளவு முடுக்குவது? அந்தப் பிளாஸ்டிக் மேல் பாகத்தின் போல்ட்டுகளுக்கு 89 இஞ்ச்-பவுண்டு, அதாவது சுமார் 10 நியூட்டன் மீட்டர். 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 5 கிலோ எடை தொங்கினால் வரும் அழுத்தம், அவ்வளவே. இதை 89 ஃபுட்-பவுண்டு என்று தவறாகப் படித்தால் 12 மடங்கு. போல்ட் உடையும், புது மேனிஃபோல்டு விரியும். ஆக, வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே நிற்பது கைத்திறமை இல்லை. கையேட்டில் உள்ள ஒரே ஒரு எண். அந்த எண் யார் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது என்பதுதான் கேள்வி.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. 1973ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஒரு வகைச் சரக்கைப் பற்றி எழுதினார்கள். தக்காளியை வாங்கும்போதே தரம் தெரியும். ஓட்டல் சாப்பாட்டைச் சாப்பிட்டால் தெரியும். ஆனால் ரிப்பேர் வேலை? பணம் கொடுத்து, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும், மாற்றிய பாகம் உண்மையிலேயே மாற்ற வேண்டியதுதானா என்று வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. நம்பித்தான் ஆக வேண்டும். நோய் என்ன என்று சொல்பவரும், மருந்து விற்பவரும் ஒரே ஆள்.

இந்த இருட்டு விலகுவதற்கு வாடிக்கையாளர் ஆயுசு முழுக்க மெக்கானிக்காக வேண்டியதில்லை. ஒரு முறை, ஒரே ஒரு முறை, மேனிஃபோல்டைத் தன் கையால் கழற்றி மாட்டினால் போதும். அடுத்த முறை கவுண்டரில் நீட்டும் எஸ்டிமேட்டை அவர் வேறு கண்ணால் படிப்பார். "இந்த கேஸ்கட்டை மாற்ற இதை ஏன் கழற்றுகிறீர்கள்?" என்று கேட்பார். வீட்டு வாசலில் மிச்சமானது கூலி மட்டும் அல்ல. கழற்றத் தெரிந்தவருக்குத்தான் பில் படிக்கத் தெரியும்.

எதிர்ப்பக்க வாதங்களும் இருக்கின்றன.

"ஆபத்து" என்கிறார்கள். உண்மைதான். பெட்ரோல் தீப்பிடிக்கும், சூடான கூலன்ட் கொப்புளிக்கும். ஆனால் ஆபத்தைக் குறைப்பது எது, கையேட்டைக் கொடுப்பதா, மறைப்பதா? கேஸ் சிலிண்டர் ஒவ்வொரு சமையலறையிலும் இருக்கிறது. ரெகுலேட்டரை எப்படி மாட்டுவது என்று சொல்லிக் கொடுத்தார்களே தவிர, சமைக்க ஆள் வைத்துக்கொள் என்று சொல்லவில்லை.

"மெக்கானிக் பிழைப்பு போய்விடும்" என்கிறார்கள். இதில்தான் வேடிக்கை. கையேடும், சோதனைக் கருவியும் கிடைக்காமல் முதலில் அடிபடுபவர் தெருமுனை மெக்கானிக்தான். வீட்டில் செய்பவரும் அவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கதவு இருவருக்கும் சேர்த்தே சாத்தப்படுகிறது.

"வாரன்டி போய்விடும்" என்கிறார்கள். அமெரிக்காவில் 1975ல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டத்தின்படி, எங்கள் பாகத்தையே போட வேண்டும், எங்களிடமே வர வேண்டும் என்று வாரன்டிக்குப் பொதுவாக நிபந்தனை போட முடியாது. சட்டம் வந்து ஐம்பது ஆண்டு தாண்டிய பிறகும் பூச்சாண்டி மட்டும் ஓய்வு பெறவில்லை.

பூச்சாண்டி என்பது வெறும் வார்த்தை அலங்காரம் அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012ல் ரிப்பேர் தகவலைத் திறந்துவிடக் கோரி மக்கள் வாக்களித்துப் பெரும்பான்மையில் வென்றார்கள். கார் தானாகவே கம்பெனிக்கு அனுப்பும் தகவலுக்கும் அதே உரிமை கேட்டு 2020ல் மறுபடி வாக்கெடுப்பு. எதிர்த்தரப்பு டிவியில் போட்ட விளம்பரத்தில் ஒரு பெண் ஆளில்லாத பார்க்கிங்கில் தனியாக நடக்கிறாள், பின்னால் யாரோ வருகிறார்கள்... மெக்கானிக்குக் காரின் தகவல் கிடைத்தால் பெண்களுக்கு இதுதான் கதி என்பது போல! வாக்காளர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கினர் அதற்கு மசியவில்லை. வாக்கெடுப்பு நடந்த அதே மாதம் கார் கம்பெனிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போய், வழக்கை வருடக்கணக்கில் இழுத்தது.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று நம்மூர்க்காரர்கள் நிம்மதி அடைய வேண்டாம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குற்றம் என்ன? உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் தாராளமாக விற்காதது, வெளி மெக்கானிக்குகளுக்குக் கையேடும் சோதனைக் கருவியும் கொடுக்காதது. அந்த 14ல் மாருதியும் டாடாவும் உண்டு. மேலே சொன்ன ஜெனரல் மோட்டார்ஸின் இந்தியக் கிளையும் உண்டு. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்காக ஓர் இணையதளம் திறந்தது. கம்பெனிகள் மனமிரங்கித் தகவல் தரும் இடம் அது. சட்டத்தின் கட்டாயம் வேறு, மனமிரங்குதல் வேறு.

கேட்க வேண்டியது மிகச் சின்ன விஷயம். காரை விற்கும்போதே அதன் முழுக் கையேட்டையும், எந்த போல்ட்டுக்கு எவ்வளவு அழுத்தம் என்ற பட்டியலோடு, வாங்கியவர் கையில் கொடுக்க வேண்டும். படிப்பதும் படிக்காததும் அவர் இஷ்டம். கழற்றத் தைரியம் இல்லாதவர் தாராளமாக சர்வீஸ் சென்டருக்குப் போகட்டும். ஆனால் தைரியம் இருப்பவரின் கையிலிருந்து அந்த எண்ணைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "உனக்குத் தெரியாது" என்று சொல்வதற்குப் பெயர் சேவை இல்லை.

பணம் கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்க உரிமை இல்லை என்றால், அதற்குப் பெயர் விற்பனையும் இல்லை. வாடகை.

பி.கு: மாட்டி முடித்த பிறகு போல்ட் ஒன்று மிச்சம் இருந்தால், "கம்பெனிக்காரன் ஒன்று அதிகமாகப் போட்டுவிட்டான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. கவரில் எழுதிய எண்ணைப் பார்த்து, அது எங்கே போகிறது என்று தேட வேண்டும். கவரில் எண் எழுதச் சொன்னதே அதற்குத்தான்!