அரிக்கமேட்டில் ஒன்றும் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியரோடு வணிகம் நடந்த, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டின் பழங்கதை தங்களுக்கும் தங்கள் வாசகர்களுக்கும் தெரிந்ததுதான். அதைத் திரும்பச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

திருப்பூரிலிருந்து என் தம்பி மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். ஒரே நாளில் ஊரைச் சுற்றிக் காட்டும் வேன் ஒன்றில் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்து, என்னையும் அழைத்துப் போனான். மணக்குள விநாயகர் கோயில், ஆசிரமம், காந்தி சிலை, ஆயி மண்டபம் எல்லாம் ஆயிற்று. பிறகு ஒயிட் டவுனில் மஞ்சள் சுவருக்கும் காகிதப்பூக் கொடிக்கும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதற்கென்றே நெடுநேரம் இறக்கிவிட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் படகுத்துறை. நாள் முழுவதும் வழிகாட்டி சொன்ன சரித்திரம் இவ்வளவுதான்: இங்கே மீனவக் குப்பம் இருந்தது, பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், நகரம் கட்டினார்கள்.

அரிக்கமேட்டுக்கு எப்போது போவோம் என்று கேட்டேன். “அங்க ஒண்ணுமே இல்லீங்கம்மா. வெறும் தோப்பு. போனா உங்களுக்கு நேரந்தான் வீண்” என்றார் அந்த இளம் வழிகாட்டி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த மேட்டைப் பற்றி வகுப்பில் ஆண்டுக்கணக்காகப் பாடம் நடத்தியவள் நான். என் காதில் அந்தச் சொல் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் விழுந்தது.

மாலையில் ஆட்டோ பிடித்து நாங்களே போனோம். கடலூர் சாலையில் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி, வீராம்பட்டினம் சாலையில் திரும்பி, காக்காயந்தோப்பில் ஒரு டீக்கடையில் வழி கேட்டுத்தான் போக முடிந்தது. வழிகாட்டும் பலகை ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை. உள்ளே துருப்பிடித்த நீலப் பலகை ஒன்று நின்றது. சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்று அதில் இருந்தது. இது என்ன இடம் என்பது இல்லை. ஆடுகள் மேய்ந்தன. மரத்தடியில் காலி மது பாட்டில்கள். இடிந்து நிற்கும் செங்கல் தூண்களில் ஆணியால் கீறிய காதலர் பெயர்கள்.

அங்கே நின்ற ஓர் இளைஞர், அந்தத் தூண்களைக் காட்டி, “இதான் ரோமாபுரி ராஜா கட்டினது” என்று குழந்தைகளுக்கு விளக்கினார். ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அதைச் சிரத்தையாகத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்தக் கட்டடம் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டிய குருமடத்தின் மிச்சம். ரோமானியர் காலத்துக்கும் அதற்கும் பதினேழு நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. “இல்லை கண்ணு, அடித்துவிடு” என்றேன். “அப்போ ரோமானியர் காலத்தது எங்கே பாட்டி?” என்றாள். காலடி மண்ணைத்தான் காட்ட முடிந்தது.

ஒன்றும் இல்லாத இடமா அது? 1937-இல் துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞர், இந்த ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிவந்த மணிகளையும் செதுக்குக் கற்களையும் பார்த்துத்தான் விழித்துக்கொண்டார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். பிறகு கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. இத்தாலியக் குயவர்களின் முத்திரை பதித்த சிவப்புக் கலங்கள் கிடைத்தன. எந்த ஆண்டுவாக்கில் செய்தவை என்று தெரிந்த அந்தக் கலங்களை வைத்துத்தான், தென்னிந்தியத் தொல்லியல் தன் காலக்கணக்குக்கு உறுதியான பிடி ஒன்றைப் பெற்றது. மத்தியதரைக் கடலில் உள்ள கோஸ் தீவின் பாணியில் இரட்டைக் கைப்பிடி வைத்த மதுச் சாடிகளின் உடைசல்கள் இங்கே ஏராளம். தமிழ் எழுத்துக் கீறிய ஓடுகள் அவற்றோடு கலந்து கிடந்தன. இங்கே உருக்கி இழுத்து நறுக்கிய கண்ணாடி மணிகளும் இங்கே பட்டை தீட்டிய கற்களும் கடல் கடந்து போயின. கண்டெடுத்த பொருள்களில் சில பாரிசுக்கும் ஹனோய்க்கும்கூடச் சென்றன. நம் ஊர் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன, ஆனால் ஒருநாள் வேன்கள் அந்த வாசலில் நிற்பதில்லை.

மீனவக் குப்பத்துக்குப் பிரெஞ்சுக்காரன் வந்து நாகரிகம் கொடுத்தான் என்ற கதையை மறுக்க இதைவிட என்ன சான்று வேண்டும்? அவன் வருவதற்குப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் மேற்கும் கிழக்கும் விலை பேசியிருக்கின்றன. அதைச் சொல்லாமல் மஞ்சள் சுவரை மட்டும் காட்டி அனுப்புவது, வந்தவரை ஏமாற்றுவதோடு நம் பிள்ளைகளையும் ஏமாற்றுவதாகும்.

2025 ஜூலையில் சொகுசுக் கப்பல் ஒன்று கடலில் நிற்க, பயணிகளைப் படகில் ஏற்றிவந்து துறைமுகத்தில் இறக்கி, ஒரு பகலில் ஊரைக் காட்டி அனுப்பினார்கள் அல்லவா? அந்தத் துறைமுகம் இருப்பது அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில். அதே ஆற்றில் சற்று உள்ளே வந்தால் அரிக்கமேட்டுக் கரை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கப்பல் சரக்கு இறங்கிய துறையின் வாசலிலேயே பயணிகளை இறக்கிவிட்டு, வேறு பக்கம் பஸ் ஏற்றியிருக்கிறோம்.

பார்க்கக் கட்டடம் எதுவும் இல்லையே என்பார்கள். அகழாய்வுக் குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவது பாதுகாப்புக்காகச் செய்கிற வழக்கம். மூடிய குழியின்மேல் கொட்டகை போட்டு, கீழே என்ன இருக்கிறதென்று படமும் மாதிரியும் வைத்துக் காட்டுவது யாருடைய வேலை? கிரேக்க நாட்டில் டெலோஸ் என்று ஒரு சின்னத் தீவு. ஹோட்டல் கிடையாது, இரவு தங்க அனுமதி கிடையாது. பக்கத்து மிக்கோனோஸ் தீவிலிருந்து படகில் போய், இடிந்த கற்களைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிட வேண்டும். அப்படியும் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? கீழடிக்குப் போய்ப் பாருங்கள். 2023-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். அதுவும் தென்னந்தோப்பாகத்தானே இருந்தது?

பணம் இல்லை என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். 2014-இல் இடிந்து விழுந்த ‘மேரி’ என்ற பழைய நகராட்சிக் கட்டடத்தை முன்பிருந்ததுபோலவே கட்டி 2021-இல் திறந்தார்கள். நல்ல காரியம், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. கடற்கரையில் பிரெஞ்சு முகப்பு என்றால் கோடிகள் கிடைக்கின்றன. காக்காயந்தோப்பில் ஒரு பலகைக்குக் கிடைக்கவில்லை. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் பட்டுப்பாதை இடங்களோடு அரிக்கமேட்டையும் சேர்த்து 2010-இல் எழுதிக் கொடுத்தது நம் நாடுதான். எழுதிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

ஓர் அலுவலகத்தில் கேட்டால் இடம் மத்திய அரசுடையது என்கிறார்கள். இன்னோர் அலுவலகத்தில் சாலையும் சுற்றுலாவும் எங்கள் கையில் இல்லை என்கிறார்கள். இந்த இழுபறிக்காக ஆறு காத்திருப்பதில்லை. ஒவ்வொரு வெள்ளத்திலும் கரை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது. சரிகிற மண்ணோடு போகிற ஓட்டையும் மணியையும் எந்த அரசாணையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆடி மாதம் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு துணைநிலை ஆளுநரும் முதல்வரும் அமைச்சர்களும் காக்காயந்தோப்புச் சாலை வழியாகத்தான் போகிறார்கள். ஆண்டுதோறும் போகிறார்கள். காக்காயந்தோப்பில் ஒரு நிமிடம் காரை நிறுத்தி அந்த மேட்டில் கால் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாமல் போனது எப்படி? அதிகாரிகளில் எத்தனை பேர் அரிக்கமேட்டை நேரில் பார்த்திருக்கிறார்கள் என்று தங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டும்.

வரும் ஆடித் தேருக்குள் கடலூர் சாலைத் திருப்பத்தில் ஒரு பெயர்ப்பலகை, அந்தத் தூண்களின் பக்கத்தில் அவை யார் கட்டியவை என்று சொல்லும் ஒரு விளக்கம், கரை சரியாமல் கல் தடுப்பு, பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் ஆகியவற்றைச் செய்து தர வேண்டும். ஒருநாள் சுற்றுலா நடத்துவோருக்கு உரிமம் கொடுக்கும்போதே அரிக்கமேட்டையும் அருங்காட்சியகத்தையும் கட்டாயம் சேர்க்கச் சொல்ல வேண்டும். முடியாதென்றால், ஏன் முடியாதென்று பொறுப்பான துறை தங்கள் இதழிலேயே பதில் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.