பனிவிளக்கும் பாதையின் உரிமையும்



மார்கழி, தை மாதங்களில் சுபுஹு பாங்குக்கு முன்பே நம் சகோதரர்கள் பலரின் சரக்கு வண்டிகள் திண்டிவனம் சாலையிலும் கடலூர் சாலையிலும் ஓடத் தொடங்கிவிடுகின்றன. விடிவதற்குள் சரக்கு பெரிய மார்க்கெட்டில் இறங்கியாக வேண்டும். ஊசுடு ஏரியோரம் பனி இறங்கினாலோ முன்னால் போகும் வண்டி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே ஓட்டுநர்கள் தாமாகவே பனிவிளக்கு அமைத்துக்கொள்கிறார்கள். பழைய இரும்புத் துண்டைப் பற்றவைத்து, மலிவான எல்.இ.டி. பட்டை ஒன்றை வண்டியின் கூரைமேல் திருகிவிட்டால் வேலை முடிந்தது.

பிழைப்புக்காகச் செய்யும் இக்காரியத்தை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கூரைமேல் இருப்பது பனிவிளக்கே அன்று. பனி என்பது நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். உயரத்திலிருந்து பாய்ச்சும் ஒளி அத்துளிகளில் பட்டுச் சிதறி ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. வெள்ளைச் சுவர் ஒன்று முன்னால் எழுந்தது போலாகிறது. மெய்யான பனிவிளக்கு முகப்பு விளக்குக்கும் கீழே, தரையை ஒட்டி இருக்கும். அதன் ஒளி மேலெழாமல் தட்டையாக, அகலமாக விரிந்து சாலையின் ஓரக்கோட்டைக் காட்டும்.

மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கையும் நம்மிடையே உண்டு. நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நாட்டில் 1936 முதல் 1993 வரை வாகனங்களுக்கு மஞ்சள் முகப்பு விளக்கே கட்டாயமாயிருந்தது. எனினும் பனித்துளியின் அளவுக்கு முன் எல்லா நிறமும் ஏறத்தாழ ஒன்றுதான். மஞ்சள் சிலர் கண்ணுக்குக் கூச்சம் குறைவாகத் தோன்றலாம், அவ்வளவே.

மின்கம்பியையும் கவனிக்க வேண்டும். 55 வாட் விளக்குகள் இரண்டு, 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். முகப்பு விளக்கின் கம்பியிலேயே அதை ஒட்டவைத்தால் கம்பி சூடேறி உருகும். பேட்டரியிலிருந்து தனிக்கம்பி, அதன் அருகிலேயே ஃபியூஸ், நடுவே ரிலே ஆகியவை இல்லாமல் செய்வது வண்டியோடு உயிரையும் பணயம் வைப்பதாகும்.

சட்டத்தின் நிலையும் தெளிவானது. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த வண்டிக்கென்றே தயாரிப்பாளர் தரும் விளக்கை வாங்குவது செலவுதான்; ஆயினும் அபராதமும் காப்பீட்டுத் தகராறும் அதனினும் பெருஞ்செலவு.

எனினும் என்னை எழுதத் தூண்டியது சட்டம் அன்று. பனியே இல்லாத இரவிலும் இவ்விளக்குகள் எரிகின்றன. முல்லா வீதியில் சுபுஹுக்கு நடந்து செல்லும் முதியவர் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்குகிறார். எதிரே இருசக்கர வண்டியில் வருபவருக்குச் சில நொடிகள் சாலையே மறைந்துபோகிறது. பாதைக்குரிய உரிமைகளை எண்ணிச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், பார்வையைத் தாழ்த்துவதையும் பிறருக்குத் தொல்லை தராமலிருப்பதையும் அவற்றில் சேர்த்தார்கள். பார்வையையே தாழ்த்தச் சொன்ன மார்க்கத்தில் விளக்கைத் தாழ்த்துமாறு தனியே ஃபத்வா கேட்கவும் வேண்டுமா? “எதிரே வருபவனும் அப்படித்தானே போடுகிறான்” என்பது மறுமையில் செல்லுபடியாகும் பதிலாக எனக்குத் தோன்றவில்லை.

முறையான பனிவிளக்கு வைத்திருப்போரும் அதன் சாய்வைச் சோதித்துக்கொள்ளலாம். சமதரையில், மதிலிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் மதிலில் சாக்பீஸால் கோடிடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு அக்கோட்டுக்கு 4 அங்குலம் கீழே விழ வேண்டும். சரக்கேற்றினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முகப்பு நிமிரும். ஆதலால் சுமையோடும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.