பிள்ளைக்குப் பக்கத்தில் அமர்வதற்கும் விலையா?



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஒரு பழைய முணுமுணுப்பு புதிதாகக் கிளம்புகிறது. "நெடுந்தூர விமானத்தில் கைக்குழந்தைகளை ஏன் ஏற்றுகிறார்கள்? இலண்டன் போய்ச் சேரும்வரை ஒரு குழந்தை அழுதுகொண்டே வந்தது. பெற்றவர்கள் அதை அடக்கவே இல்லை" என்கிறார்கள். திருமண விருந்திலும் இப்பேச்சு நடக்கிறது. ஆசிரியர் அறையிலும் நடக்கிறது. பிள்ளைகளோடு நாள் முழுவதும் பழகும் நம்மவர்களே இதைச் சொல்வதுதான் எனக்கு வியப்பு.

இந்தச் சினம் தவறான இடத்தில் பாய்கிறது என்பதே என் வாதம். குழந்தையும் பெற்றோரும் குற்றவாளிகள் அல்லர். கேட்க வேண்டிய கேள்வியை விமான நிறுவனத்திடமும், அதனைக் கட்டுப்படுத்த வேண்டிய அரசிடமும் கேட்க வேண்டும்.

அழுகை ஒழுங்கீனம் அன்று

கெந்திங் மலைக்குப் பேருந்தில் ஏறும்போது நமக்குக் காது அடைக்கிறது. எச்சிலை விழுங்குகிறோம், காது திறக்கிறது. கெந்திங்கின் உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். வானில் பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் வரையிலான மலை உயரத்துக்கு ஒப்பானது. அதாவது, ஒவ்வொரு பயணத்திலும் அக்குழந்தை ஒரு மலை ஏறி ஒரு மலை இறங்குகிறது. இறங்கும்போதுதான் காதுவலி கூடுதல்.

நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழல் சிறு குழந்தைகளுக்குக் குறுகலாகவும் கிடைமட்டமாகவும் இருக்கும். பெரியவர்களுக்குத் திறப்பதுபோல் அது எளிதில் திறப்பதில்லை. எச்சிலை விழுங்கு என்று சொன்னால் எட்டு மாதக் குழந்தைக்கு விளங்குமா? அதற்குத் தெரிந்த ஒரே மொழி அழுகை. அழும்போதும் விழுங்கும்போதும்தான் அக்குழல் திறக்க வழி பிறக்கிறது. அதைப் போய் ஒழுங்கீனம் என்பது அறியாமை.

இதனோடு வறண்ட காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானத்தினுள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும். நம் ஊரின் ஈரக்காற்றில் வளர்ந்த பிள்ளைக்கு மூக்கும் தொண்டையும் காய்ந்து போகின்றன. அதன்மேல் நேர மாற்றம். இலண்டனுக்கும் நமக்கும் பருவத்துக்கேற்ப 7 அல்லது 8 மணி நேர வேறுபாடு. பிள்ளையின் உடல் உறங்கும் நேரத்தில் விளக்கைப் போட்டு உணவு கொடுக்கிறார்கள்; அது விளையாட நினைக்கும் நேரத்தில் விளக்கை அணைத்து விடுகிறார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு கணக்கு. கோலாலம்பூரிலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாப் பயணம் 13, 14 மணி நேரம். நம் தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 30 நிமிடம். பதின்மூன்று மணி நேரம் என்பது 26 பாடவேளைகள். முதலாம் ஆண்டு மாணவனை ஒரே ஒரு பாடவேளை முழுவதும் இருக்கையை விட்டு அசையாமல் உட்கார வைத்த ஆசிரியர் நம்மில் யாரேனும் உண்டா? அந்த மாணவனுக்கு ஏழு வயது. விமானத்தில் இருப்பதோ மூன்று வயதுப் பிள்ளை.

விற்பனைக்கு வந்த பக்கத்து இருக்கை

இயற்கை தரும் தொல்லைகளை யாரும் முற்றிலும் நீக்க முடியாது. மனிதர் வேண்டுமென்றே உண்டாக்கும் தொல்லையை நீக்க முடியும். அதில் முதன்மையானது, பெற்றோரையும் பிள்ளையையும் பிரித்து உட்கார வைத்துவிட்டு, சேர்த்து வைப்பதற்குக் காசு கேட்கும் வழக்கம்.

மலிவுக் கட்டண விமானங்கள் பெருகிய பின்னர், இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் என்பது பரவலாகிவிட்டது. முழுச்சேவை நிறுவனங்கள் பலவும் குறைந்த விலைச் சீட்டுகளில் இதனைப் பின்பற்றுகின்றன. கட்டணம் செலுத்தாவிட்டால் கணினி தன் விருப்பம்போல் இருக்கை ஒதுக்கும். நால்வர் கொண்ட குடும்பம் ஓரிடத்தில் விமானம் மாறி வெளிநாடு சென்று திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக இரண்டு விமானம், வர இரண்டு விமானம். நால்வருக்கும் சேர்த்துப் பதினாறு முறை இருக்கைக் கட்டணம்! கைக்குழந்தைப் பருவம் இரண்டாம் பிறந்தநாளோடு முடிகிறது. அன்று முதல் மலிவுக் கட்டண நிறுவனங்கள் பலவற்றில் பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே கட்டணம். முழுக் கட்டணம் வாங்கிய பின்னும் அப்பிள்ளையைத் தாயின் பக்கத்தில் அமர்த்த மேலும் பணம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

என் மாணவி ஒருத்தியின் தாயார் தம் இரு பிள்ளைகளோடு தனியே நெடுந்தூரப் பயணம் மேற்கொண்டார். மூத்தவளுக்கு ஒன்பது வயது, இளையவனுக்கு ஐந்து. மூவருக்கும் மூன்று வெவ்வேறு வரிசைகள். முகப்பில் இருந்தவர், "விமானத்தில் ஏறிய பிறகு யாரையாவது கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்" என்று கூறிவிட்டார். அந்தத் தாய் ஒரு கையில் பையும் மறு கையில் பிள்ளையுமாக, முன்பின் அறியாதவர்களிடம் வரிசை வரிசையாகக் கெஞ்சியிருக்கிறார். முதலில் கேட்கப்பட்ட இருவர் மறுத்துவிட்டனர். அவர்களைக் குறைகூற மாட்டேன். சன்னலோர இருக்கைக்குப் பணம் கட்டியவர் ஏன் எழுந்திருக்க வேண்டும்? நிறுவனம் செய்ய வேண்டிய வேலையைப் பயணிகள் தலையில் கட்டி, ஒரு பயணியை இன்னொரு பயணியோடு மோத விடுகிறார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கும் மற்றவர்கள், "குடும்பத்தோடு வருபவர்களால் எப்போதும் தொல்லை" என்று முடிவு கட்டுகிறார்கள்.

இவ்விடத்தில் ஆசிரியர்கள் தங்கள் பள்ளி வாசலை நினைத்துப் பார்க்க வேண்டும். பள்ளி முடிந்ததும் பிள்ளையை யார் அழைத்துச் செல்கிறார் என்று பார்த்துத்தான் விடுகிறோம். முகமறியாத ஒருவர் வந்தால் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறோம். ஐந்தே நிமிடப் பொறுப்புக்கு இவ்வளவு கவனம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையை முன்பின் அறியாத இருவருக்கு நடுவே, விளக்கணைந்த விமானத்தில், ஓர் இரவு முழுவதும் அமர்த்துவது மட்டும் இயல்பான செயலா? அப்பிள்ளை கழிப்பறைக்குப் போக யாரிடம் சொல்லும்? வாந்தி வந்தால் யாரைத் தேடும்?

இது வசதி பற்றிய பேச்சு அன்று

பக்கத்து இருக்கை என்பது சொகுசு என்று வாதிடுவோர் உண்டு. பிரிட்டனின் பொது விமானப் போக்குவரத்து ஆணையம் இதனைப் பாதுகாப்புச் செய்தியாகவே பார்க்கிறது. சிறு பிள்ளைகள் உடன்வரும் பெரியவரின் வரிசையிலேயே அமர்வது நன்று. இயலாதபோது ஒரு வரிசைக்கு மேல் இடைவெளி கூடாது என்பது அதன் வழிகாட்டுதல்.

காரணம் எளிது. ஒரு புதிய விமான வகைக்குச் சான்றிதழ் வழங்கும்போது, அவசர வழிகளில் பாதியை மட்டும் பயன்படுத்தி 90 நொடிகளில் அனைவரும் வெளியேற முடியும் என்று மெய்ப்பிக்க வேண்டும். அந்த நொடிகளில் எல்லாரும் ஒரே திசையில் நகர வேண்டும். பிள்ளை பத்து வரிசை பின்னால் இருந்தால் தாய் எந்தத் திசையில் ஓடுவாள்? எந்தப் பாதுகாப்பு அறிவிப்பும் அவளைத் தடுக்க முடியாது.

2024 சனவரி 2ஆம் நாள் தோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் சப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் மற்றொரு விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. அதிலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினர். அவர்களுள் 8 பேர் இரண்டு வயதுக்கும் குறைந்த குழந்தைகள். பயணப்பெட்டிகளை விட்டுவிட்டு ஒழுங்காக நகர்ந்ததை உலகமே பாராட்டியது. பெட்டியை விட்டுவிடு என்றால் மனிதர் கேட்பர். பிள்ளையை விட்டுவிடு என்றால் கேட்பாரா?

அமைதி வலயம் யாருக்கு?

நிறுவனங்கள் இதற்கெல்லாம் கண்ட தீர்வு என்ன? பிள்ளைகள் இல்லாத பகுதியை ஒரு சரக்காக்கியது! 2012இல் மலேசியா ஏர்லைன்ஸ் தன் ஏ380 விமானத்தின் மேல்தளச் சிக்கன வகுப்பில் சிறார்களுக்கு இடமில்லை என்று அறிவித்தது. 2013இல் ஏர் ஏசியா எக்ஸ், அமைதி வலயம் என்ற பெயரில் 12 வயதுக்கு மேற்பட்டோருக்கெனச் சில வரிசைகளை ஒதுக்கியது. அதே ஆண்டில் சிங்கப்பூரின் ஸ்கூட் நிறுவனமும் அதே வயது வரம்போடு அவ்வாறே செய்தது.

உறக்கம் வேண்டுவோர் தனிப் பகுதியில் அமர்வதை நான் எதிர்க்கவில்லை. ஒன்றைத்தான் கேட்கிறேன். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அமரக் கூடாத வரிசைகளைக் கணினியில் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரைத் தாயின் பக்கத்தில் ஒதுக்கத் தெரியாதா? பயணச்சீட்டு வாங்கும்போதே பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்டுப் பெற்றுக்கொள்கிறார்களே! விலகி இருப்பதற்கும் விலை, சேர்ந்து இருப்பதற்கும் விலை என்றால் இதற்குப் பெயர் சேவை அன்று.

நாம் கேட்க வேண்டியவை

இந்தியாவில் 2024 ஏப்ரலில் அந்நாட்டின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒரே முன்பதிவில் பயணம் செய்யும்போது, 12 வயது வரையிலான பிள்ளைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் அருகிலேனும் இருக்கை தரப்பட வேண்டும் என்பதே அது. அமெரிக்காவில் அதே ஆண்டு மே மாதம் நிறைவேறிய சட்டம் இதற்கு விதி வகுக்கப் பணித்தது. ஆகஸ்டில், 13 வயது வரையிலான பிள்ளைகளைக் கூடுதல் கட்டணமின்றிப் பெற்றோர் அருகே அமர்த்துவதற்கான வரைவு விதி வெளியாயிற்று.

நம் நாட்டிலும் 2016 முதல் விமானப் பயணிகளுக்கான பயனீட்டாளர் பாதுகாப்புக் கோவை உள்ளது. தாமதம் இரண்டு மணி நேரத்தை எட்டினால் உணவு தர வேண்டும் என்கிறது அது. 2024இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தாமதம் ஐந்து மணி நேரத்தை எட்டினால் பயணி முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். இக்கோவையைக் காத்து வந்த மேவ்கோம் ஆணையம் 2025 ஆகஸ்டு முதல் நாளில் மலேசியப் பொது வான்போக்குவரத்து ஆணையத்தோடு இணைக்கப்பட்டது. ஆகவே, நம் கோரிக்கைகள் சென்று சேர வேண்டிய இடம் அவ்வாணையமே. அவை மூன்று:

1. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் ஒருவரின் பக்கத்து இருக்கை, கட்டணமின்றி, முன்பதிவின்போதே உறுதி செய்யப்பட வேண்டும்.

2. விமானம் மாற்றப்பட்டாலோ நீக்கப்பட்டாலோ, மாற்று விமானத்திலும் அவ்வுரிமை தொடர வேண்டும்.

3. இவ்விதி பயணச்சீட்டு விற்கும் பக்கத்திலேயே தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் தமிழிலும் எழுதப்பட வேண்டும்.

"அப்படியானால் எல்லாருக்கும் கட்டணம் உயருமே" என்பார்கள். இருக்கைகளின் எண்ணிக்கை குறையப் போவதில்லை. யார் எங்கே அமர்வது என்பதுதான் மாறுகிறது. அச்சத்தைக் காட்டி ஈட்டும் வருமானம் ஒன்று குறையலாம். அது குறையட்டும்.

"பிள்ளைகளை வீட்டில் விட்டுச் செல்லலாமே" என்பாரும் உளர். யார் வீட்டில்? தாத்தா பாட்டி ஒரு நாட்டிலும் பேரப்பிள்ளை மற்றொரு நாட்டிலும் வாழும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. மெல்பர்னிலோ இலண்டனிலோ வளரும் ஒரு பிள்ளை, தாய்வழி உறவுகளிடம் தமிழில் பேசிப் பழகும் நாள்கள் ஆண்டுக்குச் சில வாரங்களே. அந்தச் சில வாரங்களுக்கு வழி வானம்தான். அவ்வழியைக் குடும்பங்களுக்குக் கசப்பாக்கினால் இழப்பு பயண நிறுவனத்துக்கு இல்லை. நம் மொழிக்கும் உறவுக்கும்தான்.

பெற்றோர்க்கும் கடமை உண்டு; மறுக்கவில்லை. இறங்கும் வேளையில் குழந்தைக்குப் பாலூட்டுங்கள். முன்னிருக்கையை உதைக்கும் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் ஒலியைக் குறைத்து வையுங்கள். கதைப் புத்தகமும் வண்ணக்கோலும் எடுத்துச் செல்லுங்கள், விடுகதை போடுங்கள். ஆனால் இவற்றில் எதைச் செய்வதற்கும் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டுமே! பத்து வரிசை தள்ளி அமர்ந்திருக்கும் தாயிடம், "உன் பிள்ளையை அடக்கு" என்று கூறுவதில் என்ன பொருள்?

அடுத்த முறை விமானத்தில் ஒரு குழந்தை அழுதால், அதன் தாயை முறைக்காதீர்கள். அந்தச் சினத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு வந்து, ஆணையத்துக்கு ஒரு மடலாக எழுதுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இதனைப் பேசுங்கள், தீர்மானமாக்கி அனுப்புங்கள். நம் பிள்ளைகளுக்காக நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்?

உங்கள் பட்டறிவையும் மாற்றுக் கருத்தையும் தவறாமல் எழுதுங்கள்.