துருவுக்கு மேல் பட்டி, பட்டிக்கு மேல் பொய்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். பொறுமை இல்லாதவர்கள் கட்டாயம் படியுங்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மிச்சிகனில் இருக்கும் என் அக்கா மகனை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் என்னிடமே படித்தவன். 1965-ஆம் வருடத்து பான்டியாக் லெமான்ஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறான். கூரையை மடக்கிவிடும் கன்வெர்ட்டிபிள். ஒரு பண்ணைக் கொட்டகையில் பல வருடம் கிடந்து துருவேறிப் போனது. அவன் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் பாதிப் பேர் "காயலாங்கடைக்குப் போடு" என்றார்கள். போகட்டும், அவன் சம்பாதித்த காசு. எனக்குக் கோபம் வந்தது மற்ற பாதியின் மேல்தான். "ஓட்டையெல்லாம் பட்டி வைத்து அடைத்து, சிவப்புப் பெயிண்ட் அடித்து, ஜி.டி.ஓ. என்று எழுத்து ஒட்டி வித்துடு, நல்ல லாபம்" என்று யோசனை. இப்படிச் சொன்னவர்களில் நான்கு பேர் என்னிடம் படித்தவர்கள்.

நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான், மெக்கானிக் அல்ல. ஆனால் ஓய்வுபெற்ற பிறகு இரண்டு முறை அந்த ஊருக்குப் போய், அவன் சிநேகிதர்கள் பழைய கார் வேலை பார்க்கும் கொட்டகையில் மாதக்கணக்கில் விளக்குப் பிடித்து நின்றிருக்கிறேன். கேள்வி கேட்டே அவர்கள் உயிரை எடுத்திருக்கிறேன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

ஜி.டி.ஓ. என்றால் என்ன என்று தெரியாமலேதான் அந்த எழுத்தை ஒட்டச் சொல்கிறீர்கள். ஜெனரல் மோட்டார்ஸில் அப்போது ஒரு விதி இருந்தது: நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவர் ஆட்களும், பெரிய காருக்கு உரிய 389 எஞ்சினை 1964-ல் அந்தச் சின்னக் காருக்குள் இறக்கினார்கள். தனி மாடல் என்று சொன்னால் மேலிடம் தடுக்கும். அதனால் காருக்கு விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் சாமான் என்று பட்டியலில் எழுதிவிட்டார்கள். பெயரை ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். முதல் வருடமே 32,450 கார் விற்றது, அடுத்த வருடம் 75,352. மசில் கார் என்கிற மோகத்துக்கு அமெரிக்காவில் பிள்ளையார் சுழி இதுதான் என்று அநேகம் பேர் சொல்வார்கள்.

அந்தத் தந்திரத்தின் பின்விளைவுதான் இன்றைய திருட்டுக்கு வாசல். கூடுதல் சாமான்தானே, அதனால் 1964, 1965 வண்டிகளின் வின் எண்ணில் ஜி.டி.ஓ. என்பதற்கு அடையாளமே கிடையாது. 1966-ல் தனி மாடல் ஆன பிறகுதான் எண் 242 என்று தொடங்குகிறது. ஆக, 1965 லெமான்ஸில் ஜி.டி.ஓ. எழுத்தை ஒட்டினால், வின் எண்ணை மட்டும் பார்த்து யாராலும் பிடிக்க முடியாது. தொழிற்சாலை அன்று போட்ட பில்லின் நகலைத் தேடி எடுத்தால் குட்டு உடையும். உங்களுக்கு இது வசதியாகப் படுகிறது. வாங்குகிறவன் ஆயுள் சேமிப்பை எடுத்துக்கொண்டு வருவான் என்பது உங்கள் கணக்கில் வரவில்லை.

ஒரு பையன் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டான்: "சார், கம்பெனியே லெமான்ஸில் எழுத்து ஒட்டித்தானே ஜி.டி.ஓ. ஆக்கினான்?" இல்லையப்பா. கம்பெனி எழுத்தோடு 389 எஞ்சினையும் கனமான ஸ்பிரிங்கையும் இரட்டைப் புகைக்குழாயையும் கொடுத்தது. கொடுத்ததற்குப் பில்லும் போட்டது. நீ எழுத்தை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்துக்கும் காசு கேட்கிறாய்.

அடையாளத் தகட்டில் கைவைப்பது எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? கேன்சஸ் மாநிலத்தில் ஒருவர் 1959 கார்வெட் வாங்கினார். முன்பு யாரோ அதைப் புதுப்பித்தபோது எண் தகட்டைக் கழற்றி வேறு ரிவெட் அடித்துத் திரும்ப மாட்டியிருந்தார்கள். பதிவு செய்யப் போன இடத்தில் 2017-ல் காரையே பறிமுதல் செய்துவிட்டார்கள். அந்த மாநிலச் சட்டப்படி காரை நசுக்கி அழிக்க வேண்டும்! வழக்கு நடத்தி, 2022-ல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவருக்கே இந்தக் கதி.

சரி, எழுத்தை விடுங்கள். பட்டிக்கு வருவோம். இதில்தான் உயிர் இருக்கிறது.

கன்வெர்ட்டிபிளுக்கு இரும்புக் கூரை இல்லை. மற்ற காரில் கூரையும் தாங்குகிற பாரத்தை இதில் அடிப்பகுதி மட்டும்தான் தாங்க வேண்டும். அதற்காகவே இந்த வகைக் காரின் ஃப்ரேமை, ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் போல இல்லாமல், நான்கு பக்கமும் மூடிய பெட்டியாகச் செய்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பனிக்காலத்தில் அங்கே சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். உப்புத் தண்ணீரும் சேறும் அந்தப் பெட்டிக்குள் புகுந்தால் காய வழியில்லை. உள்ளிருந்து அரிக்கும், வெளியே இரும்பு இரும்பாகவே தெரியும். துணிக் கூரை கிழிந்த வண்டியில் மழைத்தண்ணீர் பின் சீட்டுக்குப் பின்னால் இறங்கி டிக்கித் தரையைத் தின்னும். கம்பளத்துக்கு அடியில் கால் வைக்கும் தகரம் அப்பளமாகிவிடும்.

இதற்கு மேல் பட்டி போட்டு வழுவழுவென்று தேய்த்தால் என்ன ஆகும்? ஒரு வருடம் பளபளக்கும். அதற்குள் விற்றுவிடலாம் என்பதுதானே திட்டம்? மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவுக்குக் கீழே ஓட்டிப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடமெல்லாம் பட்டி. ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு இடுக்கு மாறினால், வண்டியின் முதுகெலும்பு போய்விட்டது என்று அர்த்தம். முறையான டிங்கரிங் வேலை வேறு. முதலில் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டு செய்து உடம்பை இறுக்க வேண்டும், இல்லையென்றால் தரையை வெட்டியதும் வண்டி நடுவில் மடங்கும், அப்புறம் எந்தக் கதவும் சேராது. பிறகு நல்ல இரும்பு வரும்வரை துருவை வெட்டி எறிய வேண்டும். புதுத் தகரம் வைத்து வெல்டு செய்ய வேண்டும். மாதக்கணக்கு வேலை. நீங்கள் பகிர்கிற நாற்பது நிமிட வீடியோவில் இந்த மாதங்களைத்தான் வெட்டிவிட்டு, பெயிண்ட் தெளிப்பதை மட்டும் பாட்டுப் போட்டுக் காட்டுகிறார்கள்.

மறுபக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. "ஒரு திருகைக்கூட மாற்றாதே, ஒரிஜினல் போய்விடும்" என்கிறவர்கள். 1971 ஹெமி குடா கன்வெர்ட்டிபிள் மொத்தமே 11 தான், 2014-ல் சியாட்டில் ஏலத்தில் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. அதை வைத்திருப்பவர் அப்படிப் பேசட்டும், நியாயம். நம் பையனுடையது சாதாரண லெமான்ஸ். அதில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே தொட்டி, ஒரே வழி. ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் கிடையாது. நான்கும் டிரம் பிரேக் வேறு. ஸ்டியரிங் தண்டு மோதினால் மடங்காது, நேரே நெஞ்சுக்கு வரும். 1968-ல் அமெரிக்க அரசு முன் சீட்டுக்குத் தோள்பட்டை பெல்ட் கட்டாயம் என்றபோதுகூட கன்வெர்ட்டிபிளுக்கு விலக்குக் கொடுத்தது. இதையெல்லாம் ஒரிஜினல் என்று கும்பிட்டால் பேரப்பிள்ளைகளை எதில் உட்கார வைப்பது? இரட்டைத் தொட்டி பிரேக், முன்னால் டிஸ்க், தோள் பெல்ட் எல்லாம் தாராளமாகப் போடட்டும். ஐந்து கியர் வேண்டுமா, போடட்டும். கழற்றிய சாமானைப் பெட்டியில் கட்டிப் பரணில் வைக்கட்டும். என்னென்ன மாற்றினான் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, விற்கும் நாளில் அந்த நோட்டையும் கொடுக்கட்டும். லெமான்ஸ் என்ற எழுத்து மட்டும் அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

தம்பி, கூரைத் துணி வெள்ளையா கறுப்பா என்று கேட்டிருந்தாய். அதை அப்புறம் பார்ப்போம். ஃப்ரேமுக்குள் கேமரா விட்டு எடுத்த படம் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. கம்பளத்தைத் தூக்கிவிட்டுத் தரையையும் எடு, விளக்கு நன்றாகப் பிடி.