குழந்தைக்கு ஏன் தண்டனை?

2008-ஆம் ஆண்டு ஜூலை மாதம் குஜராத் மாநிலம் ஆனந்த் நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஜப்பானியத் தம்பதிக்காக இந்திய வாடகைத் தாய் ஒருவர் சுமந்து பெற்ற குழந்தை அது. அது பிறப்பதற்கு முன்பே தம்பதி மணமுறிவு பெற்றுப் பிரிந்துவிட்டனர். கருமுட்டை அளித்தவரோ பெயர் வெளியிடப்படாத வேறொரு பெண். குழந்தை வேண்டும் என்று விரும்பியவர், கருமுட்டை தந்தவர், சுமந்து பெற்றவர் என மூன்று பெண்கள் இருந்தும், சட்டத்தின் கண்ணில் தாய் என்று சொல்ல ஒருவரும் இல்லை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்ற பிறகே அக்குழந்தை தன் பாட்டியுடன் ஜப்பான் செல்ல முடிந்தது.

அதே ஆண்டில் அதே நகரில் ஜெர்மானியர் ஒருவருக்காகப் பிறந்த இரட்டைக் குழந்தைகளும் இத்தகைய சிக்கலில் மாட்டிக்கொண்டனர். வாடகைத் தாய் முறையை ஜெர்மனி ஏற்பதில்லை. சுமந்து பெற்ற இந்தியப் பெண்ணே தாய். எனவே குழந்தைகள் இந்தியக் குடிமக்கள் என்று 2009-இல் குஜராத் உயர்நீதிமன்றம் கூறியது. 'பெற்றோர் யார்?' என்ற கேள்விக்கு அன்று நம்மிடம் சட்டம் இல்லை. நீதிபதிகளின் மனிதநேயம் மட்டுமே இருந்தது.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது, 2022 ஜனவரி 25-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த வாடகைத் தாய் (ஒழுங்குமுறை) சட்டம், 2021. கருவைச் சுமக்கும் முன்பே, குழந்தை வேண்டுவோரும் வாடகைத் தாயும் சேர்ந்து முதல் வகுப்பு நடுவர் நீதிமன்றத்திலோ அதற்கு மேற்பட்ட நீதிமன்றத்திலோ விண்ணப்பித்து, பிறக்கப்போகும் குழந்தையின் பெற்றோர் யார், பொறுப்பு யாருடையது என்பதற்கு ஆணை பெற வேண்டும். குழந்தை பிறந்த பிறகு அந்த ஆணையே பிறப்புக்கான உறுதிமொழி ஆவணமாகும். குழந்தை வேண்டிய தம்பதியின் உயிரியல் குழந்தையாகவே அது கருதப்படும் என்கிறது எட்டாவது பிரிவு.

இது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. பிரிட்டனில் சுமந்து பெற்றவரே சட்டப்படி தாய். குழந்தை பிறந்து ஆறு வாரங்கள் கழிந்த பின்னரே அவர் தரும் ஒப்புதல் செல்லும். நீதிமன்ற ஆணை அதற்கும் பிறகுதான். அதுவரை குழந்தையை வளர்ப்பவர் ஒருவர், சட்டத்தின் கண்ணில் தாய் மற்றொருவர். நம் சட்டம் அந்த இடைவெளியை முன்கூட்டியே மூடிவிடுகிறது.

ஆனால், நிபந்தனைகளை நிறைவு செய்தவர்களின் குழந்தைகளுக்கு மட்டுமே இப்பாதுகாப்பு தெளிவாகக் கிடைக்கிறது. தம்பதி எனில் மனைவிக்கு 23 முதல் 50 வயது, கணவருக்கு 26 முதல் 55 வயது இருக்க வேண்டும். தனியாக விண்ணப்பிக்கும் பெண், கணவரை இழந்தவராகவோ மணமுறிவு பெற்றவராகவோ 35 முதல் 45 வயதுக்குள் இருக்க வேண்டும். தனியாக விண்ணப்பிக்கும் பெண்ணுக்கான இந்த வரம்பு சட்டத்தின் விளக்கப் பிரிவிலேயே பின்னப்பட்டுள்ளது. 46 வயதுக் கைம்பெண்ணோ, திருமணமாகாத பெண்ணோ சட்டத்தை மீறி இம்முறையில் குழந்தை பெற்றால், எட்டாவது பிரிவு குறிப்பிடும் 'பெண்' என்ற வரையறைக்குள் அவர் வரமாட்டார். அப்படியானால் அந்தக் குழந்தையின் தாய் யார்? சட்டம் நேரடியாக விடை கூறவில்லை.

வணிக நோக்கில் இதை நடத்துவோருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறையும் ரூ.10 லட்சம் வரை அபராதமும் உண்டு. ஏழைப் பெண்களின் உடல் சந்தைப் பொருளாகக் கூடாது என்பதற்காக விதிக்கப்பட்ட இத்தண்டனையை நான் குறை கூறவில்லை. தண்டனை பெரியவர்களோடு நிற்க வேண்டும் என்பதே என் வாதம்.

மற்ற சட்டங்களுடனான இணக்கமும் போதாது. வாடகைத் தாய் திருமணமானவராகவோ முன்பு திருமணமானவராகவோ இருந்து, ஏற்கெனவே ஒரு குழந்தை பெற்றவராகவும் இருந்தால்தான் தகுதி பெறுவார். மணவாழ்வின்போது பிறக்கும் குழந்தைக்குக் கணவரே தந்தை என்று அனுமானிக்கிறது பாரதிய சாட்சியச் சட்டத்தின் 116-ஆவது பிரிவு. 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமோ, வாடகைத் தாய் மூலம் பிறக்கும் குழந்தையை 'உயிரியல் பெற்றோர்' பதிவு செய்ய வேண்டும் என்கிறது. மருத்துவக் காரணம் இருந்தால் தம்பதியில் ஒருவருக்கு மாற்றாகக் கொடையாளரின் கருமுட்டையையோ விந்தணுவையோ பயன்படுத்த 2024 பிப்ரவரியில் விதி தளர்த்தப்பட்டுள்ளது. இந்நிலையில் 'உயிரியல் பெற்றோர்' யார் என்று நகராட்சி அலுவலகப் பதிவாளர் எப்படி முடிவு செய்வார்? மூன்று சட்டங்களையும் சேர்த்துப் படித்தால் விடை கிடைக்கும். ஆனால், அந்தப் பொறுப்பைச் சாளரத்துக்கு வெளியே கைக்குழந்தையுடன் நிற்பவர் மீது சுமத்தக் கூடாது.

இது வெறும் காகிதச் சிக்கல் அன்று. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழக ஊழியர் ஒருவர், வாடகைத் தாய் மூலம் பெற்ற குழந்தையைப் பராமரிக்க விடுப்புக் கோரியபோது அது மறுக்கப்பட்டது. 2013-இல் நீதிபதி கே.சந்துரு அவருக்கு விடுப்பு வழங்க உத்தரவிட்டார். மத்திய அரசு ஊழியர்களுக்கு இவ்வுரிமையை வழங்கும் விதித் திருத்தம் 2024 ஜூனில்தான் வந்தது. பெற்றோர் என்ற தகுதி உறுதியானால்தான் விடுப்பு, கடவுச்சீட்டு, வாரிசுரிமை என எதையும் உறுதியாகக் கோர முடியும்.

தீர்வுக்கு வெளிநாட்டு முன்மாதிரியைத் தேட வேண்டியதில்லை. செல்லாத திருமணத்தில் பிறந்த குழந்தையும் சட்டப்படியான குழந்தையே என்று 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு கூறுகிறது. திருமணம் செல்லாது, குழந்தை செல்லும். பெற்றோரின் தவறையும் பிள்ளையின் தகுதியையும் பிரித்துப் பார்க்கும் அந்த முதிர்ச்சி இங்கும் தேவை.

விதிமீறல் இருப்பினும், குழந்தையின் நலனை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு பெற்றோர் யார் என நீதிமன்றம் அறிவிக்கலாம் என்று 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கலாம். 116-ஆவது பிரிவில் வெளிப்படையான விலக்கு தரலாம். பதிவுச் சட்டத்தில் 'உயிரியல் பெற்றோர்' என்பதற்குப் பதிலாக 'நீதிமன்ற ஆணையில் கண்ட பெற்றோர்' என்று எழுதலாம். மூன்றும் சிறு திருத்தங்களே.

எந்த வழியில் பிறப்பது என்று எந்தக் குழந்தையும் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டத்தை மீறியவர் யாராயினும் அவரைத் தண்டிக்கட்டும். தாய், தந்தை பெயர் எழுத வேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டுக் குழந்தையைத் தண்டிக்க வேண்டாம்.