விலைக்கு முன் உதிரிபாகத்தைக் கேளுங்கள்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், காவிரி டெல்டாவின் அரிசி ஆலைகளுக்கு ஓய்வில்லை. அரசு நெல்லை அரைக்கும் ஆலை, 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசியைத் திருப்பித் தர வேண்டும். அதில் நொய் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிறம் மாறிய அரிசிக்கும் வரம்பு உண்டு. ரேஷன் அரிசியில் கறுப்பு மணி கூடாது என்ற எதிர்பார்ப்பு வலுத்த பிறகு, கலர் சார்ட்டர் இல்லாமல் ஆலை நடத்துவது கடினம். ஆனால் அதை வாங்கும்போது பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது விலைதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பத்தாண்டுகள் உழைக்க வேண்டிய இயந்திரத்தோடு அதை விற்பவரின் உறவையும் சேர்த்தே வாங்குகிறோம்.

கலர் சார்ட்டரின் வேலையைக் கவனித்தாலே இது விளங்கும். சாய்ந்த தகட்டில் அரிசி வழுக்கி விழும்போது கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கிறது. கறுப்போ பழுப்போ தென்பட்டால், எஜெக்டர் காற்றைப் பீய்ச்சி அந்த மணியை மட்டும் தள்ளிவிடுகிறது. கம்ப்ரசர் காற்றில் ஈரமோ எண்ணெயோ கலந்தால் எஜெக்டர் அடைத்துக்கொள்ளும். கறுப்பு மணி நல்ல அரிசியோடு போய்ச் சேரும். அந்தச் சின்னப் பாகம் மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ கிடைத்தால் அரை நாள் நஷ்டம். கடல் கடந்து வர வேண்டுமென்றால் அறுவடைக் காலமே போய்விடும். மென்பொருளின் கடவுச்சொல் விற்பவரிடம் மட்டுமே இருந்தால், உள்ளூர் மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். 2020க்குப் பிறகு, சீன இயந்திரங்களைப் பழுதுபார்க்க வர வேண்டிய சீனத் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு இந்திய விசா கிடைப்பது கடினமானது. 2021ல் உலகெங்கும் மின்னணுச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. தூரத்து அரசியலும் நம் ஆலையை நிறுத்தும்.

உதிரிபாகம் அருகில் கிடைக்க வேண்டும் என்ற பாடத்தை டெல்டா முன்பே கற்றிருக்கிறது. 1960களில் திருவாரூரில் நவீன அரிசி ஆலை வந்தது. அங்கே 1967ல் தொடங்கிய ஆய்வகம்தான் வளர்ந்து இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. அரிசியை நொறுக்கிய பழைய ஹல்லருக்குப் பதில் ரப்பர் ரோல் வந்தது. ரப்பர் தேயும், அடிக்கடி மாற்ற வேண்டும். ஆனாலும் அது ஊர்தோறும் பரவியது. நொய் குறைந்தது ஒரு காரணம். தேய்ந்த ரோலுக்கு மாற்று நம் நாட்டிலேயே தயாராகி, கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது அதற்குச் சமமான காரணம் என்பேன்.

சிறு ஆலைக்காரர் கேட்பார்: “கையில் முதல் இல்லை, மலிவானதை வாங்காமல் என்ன செய்வது?” நியாயமான கேள்விதான். ஆனால் வட்டிக்கு வாங்கிய இயந்திரம் பழுதாகி நின்றாலும் வட்டி நிற்காது. வாங்கும் விலையோடு பத்தாண்டுப் பராமரிப்பு, மின்சாரம், வேலை நின்ற நாட்கள் எல்லாவற்றையும் கூட்டினால் எது மலிவு என்பது தெரியும். ஒரே நிறுவனத்தை நம்பினால் அது வைத்ததே சட்டமாகிவிடும் என்ற அச்சமும் உண்டு. அதற்கு மருந்து, ஆண்டுக்கொரு கம்பெனிக்குத் தாவுவதல்ல, ஒப்பந்தத்தை இறுக்கமாக எழுதுவது. பத்தாண்டுக்கு உதிரிபாகம், அறுவடைக் காலத்தில் 24 மணி நேரத்துக்குள் சர்வீஸ், நம் ஆட்களுக்குப் பயிற்சி, ஒப்பந்தம் முடிந்தால் கடவுச்சொல் ஒப்படைப்பு ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

தனி ஆலை கேட்டால் தயங்கும் நிறுவனம், ஒரு வட்டார ஆலைகள் சேர்ந்து கேட்டால் இறங்கி வரும். ஆலை உரிமையாளர் சங்கங்கள் உதிரிபாகங்களைப் பொதுவாக வாங்கி இருப்பு வைக்கலாம். இயந்திரங்களை டெல்டா நெல்லில் ஓட்டிப் பார்த்து, முடிவுகளைத் தமிழில் வெளியிடும் பொறுப்பை நிஃப்டெம் ஏற்க வேண்டும். இந்த ஆண்டு இயந்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முன்பணம் கொடுப்பதற்கு முன், அதே இயந்திரத்தை ஐந்தாண்டாக ஓட்டும் ஆலைக்குப் போய், அது கடைசியாகப் பழுதானபோது எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள்.