மூணு வயசு ஆகியும் ஸ்ட்ரோலரா? எப்போது நிறுத்தலாம், எப்படி நிறுத்தலாம்?

மால், ஏர்போர்ட், பீச் ரோடு... வார இறுதியில் எங்கே போனாலும் இதைப் பார்க்கலாம். கால் தரையைத் தொடும் அளவுக்கு வளர்ந்த குழந்தை ஸ்ட்ரோலரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். கையில் போன். அப்பாவோ அம்மாவோ தள்ளிக்கொண்டு போவார்கள். எதிரில் வரும் பெரியவர் யாராவது, “நல்லா நடக்கிற புள்ளைய ஏம்மா வண்டியில வச்சுத் தள்ற?” என்று கேட்காமல் போக மாட்டார்.

கேட்பவருக்கு இது சோம்பேறித்தனம். தள்ளுபவருக்கோ, கூட்டத்தில் பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடாமல் இருப்பதே பெரிய நிம்மதி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சரி, ஸ்ட்ரோலரை எந்த வயதில்தான் ஓரங்கட்ட வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் என்ன சொல்கிறது?

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடல் இயக்கம், உட்காரும் நேரம், தூக்கம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ‘இந்த வயதோடு ஸ்ட்ரோலரை நிறுத்துங்கள்’ என்று அதில் இல்லை. ஆனால், ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார வைக்கலாம் என்பதற்குத் தெளிவான வரம்பு இருக்கிறது.

- ஸ்ட்ரோலர், ஹை சேர், முதுகில் கட்டித் தூக்குவது என எதுவாக இருந்தாலும் தொடர்ந்து 1 மணி நேரத்துக்கு மேல் குழந்தையைக் கட்டிப்போட்டு வைக்கக் கூடாது.
- 1 முதல் 2 வயது வரை: ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் ஓடி ஆடி இயங்க வேண்டும்.
- 3 முதல் 4 வயது வரை: அதே 180 நிமிடம்தான். ஆனால், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கான சுறுசுறுப்பான விளையாட்டாக இருக்க வேண்டும்.

180 நிமிடம் என்றதும் பயந்துவிட வேண்டாம். நாள் முழுக்கப் பிரித்துக் கணக்கிட்டால் போதும். கடைக்கு நடப்பது, படி ஏறுவது, மொட்டை மாடியில் ஓடுவது எல்லாமே கணக்கில் சேரும். பிரச்சினை எங்கே என்றால், ஃபிளாட்டில் வளரும் குழந்தைக்கு வெளியே போவதுதான் நடப்பதற்கான முக்கிய வாய்ப்பு. அந்த நேரத்தையும் ஸ்ட்ரோலர் எடுத்துக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கும்?

நடக்க ஆரம்பித்துவிட்டால் போதுமா?

இந்தியா உட்பட 5 நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின்படி, பெரும்பாலான குழந்தைகள் 8 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் யாரும் பிடிக்காமல் தனியாக நடக்கத் தொடங்குகிறார்கள். எதிர் வீட்டுப் பிள்ளை பத்து மாதத்திலேயே நடந்துவிட்டது என்று கவலைப்படத் தேவையில்லை. இந்த இடைவெளிக்குள் எப்போது நடந்தாலும் இயல்புதான்.

ஆனால், வீட்டுக் கூடத்தில் நடப்பது வேறு, ரோட்டில் நடப்பது வேறு. 2 வயதுக் குழந்தை நாலடி நடக்கும், நிற்கும், ஒரு நாயைப் பார்க்கும், கல்லைப் பொறுக்கும், திடீரென்று எதிர்ப்பக்கம் ஓடும். அதற்கு வண்டி வரும் வேகம் புரியாது. எனவே, 1 முதல் 3 வயது வரை ஸ்ட்ரோலரும் நடையும் கலந்தே இருக்கட்டும். பூங்காவரை ஸ்ட்ரோலர், பூங்காவுக்குள் நடை என்று பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். ஸ்ட்ரோலர் வேறு, வாக்கர் வேறு. சக்கரம் வைத்த பேபி வாக்கர் நடக்கக் கற்றுக்கொடுக்கும் என்று நம்பி வாங்குகிறோம். படியில் உருண்டு விழும் அபாயம் இருப்பதால் கனடா 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டது. நம்ம ஊர் மர நடைவண்டியில் குழந்தை தன் காலில் நின்று வண்டியைத் தள்ளும். வாக்கரில் அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு காலால் உந்தும். அதுதான் வித்தியாசம்.

வண்டியிலேயே பதில் இருக்கிறது

ஸ்ட்ரோலரின் சட்டத்திலோ சீட்டுக்குக் கீழேயோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வாங்கிய அன்றைக்குப் பிறகு யாரும் அதைப் படிப்பதில்லை. பல மாடல்களுக்கு 15 கிலோதான் உச்ச வரம்பு. சில, 22 கிலோ வரை தாங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 3 வயதில் குழந்தையின் சராசரி எடை சுமார் 14 கிலோ, 4 வயதில் சுமார் 16 கிலோ. அதாவது, 3 வயதுக்கும் 4 வயதுக்கும் நடுவில் பல ஸ்ட்ரோலர்களின் வரம்பே முடிந்துவிடுகிறது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நாம் எடுக்க வேண்டிய முடிவு இதுதான்: 3 வயதில் குறைக்க ஆரம்பியுங்கள், 4 வயதுக்குள் அன்றாடப் பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். அதன்பிறகு, உண்மையிலேயே நீண்ட தூரம் போகும் நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

யாருக்கெல்லாம் விதிவிலக்கு?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கி.மீ. வண்டலூர் உயிரியல் பூங்கா 600 ஹெக்டேர். அங்கெல்லாம் 4 வயதுக் குழந்தையை முழுக்க நடக்க வைப்பது நியாயமே இல்லை. விமான நிலையத்தில் நடு ராத்திரி காத்திருக்கும்போதும் அப்படித்தான்.

அதைவிட முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. மூளை முடக்குவாதம், தசை பலவீனம், இதயப் பிரச்சினை, ஆட்டிசம் போன்ற காரணங்களால் 5, 6 வயதிலும் ஸ்ட்ரோலர் தேவைப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள். வெளியே பார்த்தால் எல்லாக் காரணமும் தெரியாது. அந்தப் பெற்றோரிடம் போய் “இன்னும் வண்டியா?” என்று கேட்பது, ஏற்கெனவே களைத்துப்போனவர்களின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவது. தெரியாத வீட்டுப் பிள்ளையைப் பற்றித் தீர்ப்பு சொல்லாமல் இருப்போம்.

18 மாதம் ஆகியும் உங்கள் குழந்தை தனியாக நடக்கவில்லை என்றால், காத்திருக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு தரப்பில், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்களில் இதற்கான பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

நடக்கச் சொல்வது சரி... எங்கே நடப்பது?

இதைப் பேசாமல் பெற்றோரை மட்டும் குறை சொல்வது சரியில்லை. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும், உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்கிறது இந்திய சாலைகள் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல். நம் தெருவில் அந்த 1.8 மீட்டரில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நாலு பைக், ஒரு ஜூஸ் கடை, பாதி மூடிய மழைநீர் வடிகால் எல்லாம் இருக்கும். அங்கே ஸ்ட்ரோலரும் ஓடாது, குழந்தையும் நடக்க முடியாது. சக்கர நாற்காலியில் வருபவர் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தபிறகு, அங்கே குழந்தைகள் கையை விட்டு நடப்பதைப் பார்க்க முடிகிறது. இடம் கொடுத்தால் பிள்ளைகள் நடக்கும். ஆனால், தினமும் நடக்க வேண்டியது பாண்டி பஜாரில் இல்லையே, அவரவர் வீட்டுத் தெருவில்தானே!

புகையும் ஒரு சிக்கல். ஸ்ட்ரோலரில் இருக்கும் குழந்தைகள் பெரியவர்களைவிட 60% வரை அதிக மாசை எதிர்கொள்ளக்கூடும் என்று பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் சொன்னார்கள். வாகனப் புகை வரும் உயரத்துக்குப் பக்கத்தில் குழந்தையின் முகம் இருப்பதுதான் காரணம். நடக்கும் குழந்தையும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். அதனால், எப்படிப் போனாலும் மெயின் ரோட்டைத் தவிர்த்து உள்தெரு வழியாகப் போவது நல்லது.

சரி, எப்படி நிறுத்துவது?

- சின்ன தூரத்தில் தொடங்குங்கள். பக்கத்துக் கடை, லிஃப்ட் முதல் கேட் வரை என ஆரம்பியுங்கள். அந்தத் தூரத்துக்கு ஸ்ட்ரோலர் கிடையாது என்று வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். தாத்தா தள்ளினால் திட்டம் அவுட்.
- நேரம் கூட்டுங்கள். 10 நிமிட வழிக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். அவசரம்தான் பாதி நேரம் நம்மை ஸ்ட்ரோலரை எடுக்க வைக்கிறது.
- வேலை கொடுங்கள். “மஞ்சள் கேட் எங்க இருக்கு, கண்டுபிடி” என்றால் “தூக்கு... தூக்கு” குறையும்.
- போனை எடுத்துவிடுங்கள். உட்கார்ந்தே ஆக வேண்டிய நாளிலும் வேடிக்கை பார்க்கட்டும், பேசட்டும்.
- களைப்பா, சலிப்பா என்று பாருங்கள். களைப்பென்றால் ஐந்து நிமிடம் எங்காவது உட்காருங்கள். அடம் பிடித்தால் கோபப்படாமல் அடுத்த நாள் மறுபடி முயலுங்கள்.
- ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடியுங்கள். இதில் மட்டும் சலுகையே கூடாது.

இன்னும் ஸ்ட்ரோலர் பயன்படுத்தும் வயதில் இருந்தால் பெல்ட்டை மாட்ட மறக்காதீர்கள். கைப்பிடியில் கனமான பைகளைத் தொங்கவிட்டால் வண்டி பின்னால் சாயும். எஸ்கலேட்டரில் ஸ்ட்ரோலர் வேண்டவே வேண்டாம், லிஃப்ட்தான் பாதுகாப்பு.

குழந்தை நடக்கும் வேகத்துக்கு நாம் இறங்கி வருவது கஷ்டம்தான். ஆபீஸ், டிராஃபிக், டெட்லைன் என்று ஓடும் நமக்கு அந்தக் கூடுதல் பத்து நிமிடமே ஆடம்பரம். ஆனால், அதை இந்த வயதில்தான் கொடுக்க முடியும். இன்னும் இரண்டு வருடம் போனால், “மெதுவா போ, நில்லு” என்று பின்னால் ஓடப் போவது நாம்தான்.